எந்த ஃபிராங்க்ஃபர்ட்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பயணக் கட்டுரையில் 'மகாகவி கதே பிறந்த ஃபிராங்க்ஃபர்ட்டில் ஓடர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் போலந்து' என்று படித்ததும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் என்ற பெயரில் இரண்டு ஊர்கள் உண்டு. 1749-ல் கதே பிறந்தது மைன் ஆற்றங்கரை ஃபிராங்க்ஃபர்ட்டில். போலந்து எல்லையில் இருப்பது ஓடர் கரை ஃபிராங்க்ஃபர்ட். அந்த ஊர் பெற்ற எழுத்தாளர் க்ளைஸ்ட். இரண்டுக்கும் சாலைவழியில் 500 கிலோமீட்டருக்கு மேல். தாங்கள் அறியாததல்ல. போதாக்குறைக்கு, படத்தில் மைன் கரையின் வங்கிக் கோபுரங்கள்!

எனக்கு ஏன் இவ்வளவு எரிச்சல்? என் மகள் ஓடர் கரையில் உள்ள வியாத்ரினா பல்கலைக்கழகத்தில் படித்தாள். அவளுக்குப் பருப்புப்பொடியும் நாரத்தங்காய் ஊறுகாயும் அனுப்பப் போனேன். கூரியர் கடைப் பையன் கம்ப்யூட்டரில் முதலில் வந்த ஃபிராங்க்ஃபர்ட்டைத் தட்டிவிட்டான். 15-ல் தொடங்க வேண்டிய பின்கோடு 60-ல் தொடங்கியது. "ஓடர்னு இருந்துச்சு சார், ஆர்டரைத் தப்பா எழுதிட்டீங்கன்னு விட்டுட்டேன்" என்றான். ஐந்து வாரம் கழித்துப் பார்சல் என் வீட்டுக்கே வந்தது, எண்ணெய் கசிந்து, முகவரி அழிந்து. நம் பஸ்ஸில் 'புதூர்' என்றால் "எந்தப் புதூர்?" என்று கேட்காமல் கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதில்லை. அந்தக் கேள்வி தங்கள் அலுவலகத்தில் யாருக்கும் தோன்றவில்லையா?

இது முதல் தடவையும் அல்ல. முதல் உலகப் போரிலிருந்து ரஷ்யா விலகிய 1918-ன் பிரெஸ்ட் ஒப்பந்தம் பற்றிய கட்டுரைக்கு பிரான்ஸின் பிரெஸ்ட் துறைமுகத்தைப் படமாகப் போட்டீர்கள். ஒப்பந்தம் கையெழுத்தான பிரெஸ்ட் இன்று பெலாரஸில் இருக்கிறது. அங்கே கடலே கிடையாது. அப்புறம் ஆஸ்திரிய இசையமைப்பாளர் யோஹான் ஸ்ட்ராஸ். அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே பெயர்தான், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக, 1849-ல் காலமான அப்பா 1867-ல் 'நீல டான்யூப்' இசையை அரங்கேற்றினார் என்று எழுதுவதா? இரண்டுக்கும் கடிதம் போட்டேன். ஒன்றும் பிரசுரமாகவில்லை. சரி, இடம் இருந்திருக்காது. அந்த வாரங்களில் ராசிபலனே மூன்று பக்கம்.

நான் கேட்பது சின்ன விஷயம். அடுத்த இதழில் இரண்டு வரி திருத்தம். இனி ஃபிராங்க்ஃபர்ட் என்று வந்தால் பக்கத்தில் ஆற்றின் பெயர். ஓடர் பாலத்துப் படம் கிடைக்கவில்லையென்றால் மகள் எடுத்தது என்னிடம் இருக்கிறது. சன்மானம் வேண்டாம்.

இப்படிக்கு,
27 வருடச் சந்தாதாரர்,
கும்பகோணம்