எடை முள்ளை எங்கள் பக்கமும் திருப்புங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொடைக்கானலிலிருந்து 18 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் பூம்பாறையிலிருந்து எழுதுகிறேன். 27 வருடம் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அரை ஏக்கரில் பூண்டு போடுகிறோம். கடந்த ஐப்பசியில் என் மகளுக்கு ஹைதராபாத்தில் பிரசவம். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைத்து வருவதுதான் வழக்கம். அவளுக்கு ரத்த அழுத்தம் இருந்ததால் பயணம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் நானும் என் வீட்டுக்காரரும் மதுரையிலிருந்து விமானத்தில் போனோம். இரண்டு பேருக்கும் அதுதான் முதல் தடவை. குறைந்த கட்டண விமானம். எங்களைப் போல மலையிலிருந்து இறங்கி முதல்முறை விமானம் ஏறப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள் தெரிய வேண்டும். விமான நிறுவனங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அதற்காகவே இந்தக் கடிதம்.

கொடைக்கானலில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் என் தம்பி மகன்தான் டிக்கெட் போட்டான். திரையில் முதலில் தெரிந்தது ஆளுக்கு 3,850 ரூபாய். சரி, போடு என்றேன். பணம் கட்டுகிற இடத்துக்கு வந்தால் இரண்டு பேருக்கும் சேர்த்து 9,398 என்று நின்றது. எப்படி என்று கேட்டேன். பையன் மேலே போய்ப் பார்த்தான். சீட்டுக்கு ஆளுக்கு 350, இன்சூரன்ஸ் ஆளுக்கு 199, வசதிக் கட்டணம் என்று ஆளுக்கு 300. இன்சூரன்ஸுக்கு நாங்கள் டிக் போடவே இல்லை. அது ஏற்கெனவே விழுந்திருந்தது. கூடுதல் சேவைகளைப் பயணியே விரும்பிச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் டிஜிசிஏ எனப்படும் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதி என்று பிற்பாடு மாப்பிள்ளை சொல்லித் தெரிந்துகொண்டேன். சீட்டும் அப்படித்தான். பணம் கட்டித் தேர்ந்தெடுக்காமலே தாண்டிப் போகலாம், நிறுவனமே ஏதாவது ஒரு சீட்டு கொடுக்கும். ஆனால் தாண்டிப் போகிற பொத்தான் ஓரமாகச் சின்னதாக இருக்கிறது, பணம் கட்டுகிற பொத்தான் பளிச்சென்று இருக்கிறது. இரண்டையும் எடுத்துவிட்ட பிறகு 8,300 ஆனது. படித்த பையன் பக்கத்தில் இருந்ததால் ஆயிரத்துச் சொச்சம் மிஞ்சியது. தனியாகப் போனில் போட்டிருந்தால் அப்படியே கட்டியிருப்பேன்.

விலை குறைவாக வைத்து மற்றதற்கெல்லாம் தனியாக வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. 2003இல் ஏர் டெக்கான் வந்தபோதே நம் நாட்டில் இந்த முறை வந்துவிட்டது. சாப்பாடு வேண்டியவர் வாங்கிச் சாப்பிடலாம், வேண்டாதவர் அந்தக் காசைக் கொடுக்க வேண்டியதில்லை. அதனால்தான் எங்களாலும் ஏற முடிந்தது. ரயிலில் போயிருந்தால் ஒரு இரவுக்கு மேல் ஆகியிருக்கும், முட்டி வலியோடு இருக்கும் என் வீட்டுக்காரரால் அது முடியாது. வீல்சேர் கேட்டு முன்கூட்டியே பதிந்திருந்தோம். காசு வாங்கவில்லை, தள்ளிக்கொண்டு போன தம்பி அவரை ஐயா ஐயா என்று அவ்வளவு அன்பாகக் கூப்பிட்டது. நல்லதையும் சொல்ல வேண்டும் அல்லவா.

என் மனம் இன்றுவரை ஆறாதது லக்கேஜ் விஷயத்தில்தான்.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க எங்கள் மலைப்பூண்டுதான் முதல் மருந்து. புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு. எங்கள் வீட்டு அடுப்புப் புகையில் காய்ந்தது 12 கிலோ. அதோடு பிரசவ லேகியம், நெய், பழைய பருத்திப் புடவைகள், பச்சைப் பிள்ளைக்குத் துணி. ஆளுக்கு 15 கிலோ போடலாம், கையில் 7 கிலோ கொண்டுபோகலாம் என்று டிக்கெட்டில் இருந்தது. வடுகபட்டி சந்தைக்குப் பூண்டு அனுப்பும்போது நாங்கள் எடை பார்க்கும் தராசிலேயே ஒவ்வொன்றாக நிறுத்தேன். ஒரு சூட்கேஸ், இரண்டு பை, ஒரு அட்டைப்பெட்டி, மொத்தம் 30 கிலோ. ஒரு பொட்டுக் கூடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துக் கட்டினேன்.

மதுரை கவுன்டரில் இருந்த பெண் நாலு உருப்படியையும் பார்த்ததும், "ஒரு ஆளுக்கு ஒரு பீஸ்தான் அம்மா" என்றது. எடைக்கு மட்டும் கணக்கு இல்லை, எண்ணிக்கைக்கும் கணக்கு உண்டு என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரியும். சில நிறுவனங்களில் 15 கிலோவையும் ஒரே பெட்டியில் போட வேண்டும், இரண்டாவது பெட்டிக்குத் தனிக் கட்டணம். தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்து, பெரிய பை ஒன்றிலும் சூட்கேஸிலும் அடைத்தோம். பூண்டுத் தோல் அந்தப் பளபளப்பான தரையெல்லாம் பறந்தது. என் வீட்டுக்காரர் வீல்சேரில் உட்கார்ந்தபடியே குனிந்து பொறுக்கினார். வரிசையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடைத்து முடித்து மேலே வைத்தால், 33 கிலோ என்றது அந்தப் பெண். மூன்று கிலோ அதிகம், கிலோவுக்கு 550 வீதம் 1,650 ரூபாய். நான் காட்டுங்கள் என்றேன். எடை எண் அவர்கள் பக்கம் பார்த்திருந்தது. "லேட் ஆகுது அம்மா, கவுன்டர் குளோஸ் ஆகிடும்" என்று பதில் வந்தது. விமானம் கிளம்ப 60 நிமிடம் இருக்கும்போது கவுன்டரை மூடிவிடுவார்கள் என்பது எங்களுக்கும் தெரியும். கட்டினேன். அந்த வாரம் வடுகபட்டியில் என் பூண்டு கிலோ 180 ரூபாய்க்குப் போனது. அதைப் போல மூன்று மடங்குக்கு மேல் தூக்குகூலி.

ஆசிரியர் அவர்களே, 27 வருடம் மாதாமாதம் குழந்தைகளை எடை போட்டவள் நான். சால்டர் தராசை உத்தரத்தில் தொங்கவிட்டு, பிள்ளையை அதில் உட்கார வைத்து, முள் நின்றதும் முதலில் தாயைக் கூப்பிட்டுக் காட்டுவோம். பார்த்துக்கோ, ஏழரை இருக்கு என்று சொல்லி, அவள் தலையாட்டிய பிறகுதான் அட்டையில் புள்ளி வைப்போம். பச்சையில் இருக்கிறதா, மஞ்சளில் இருக்கிறதா என்று அவளுக்கே தெரிய வேண்டும். படிக்காத தாயாக இருந்தாலும் காட்டுவோம். எங்களுக்குப் பயிற்சியிலேயே அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். என் வீட்டுத் தராசு தப்பாக இருந்திருக்கலாம். அவர்களுடையது தப்பாக இருந்திருக்கலாம். நான் அடைக்கும்போது கைப்பையிலிருந்து ஏதாவது பெரிய பைக்குள் போயிருக்கலாம். எண்ணைப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். 1,650 ரூபாயைவிட, பார்க்காமலே கட்டினேன் என்பதுதான் வலிக்கிறது.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. கவுன்டரில் எடை எண் பயணி பக்கமும் தெரிய வேண்டும். கவுன்டருக்கு வருவதற்கு முன்பே எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒரு தராசு இருக்க வேண்டும். எத்தனை கிலோ, எத்தனை உருப்படி, மிஞ்சினால் கிலோவுக்கு எவ்வளவு என்று தமிழில் ஒரு பலகை வைக்க வேண்டும். டிக்கெட் எடுக்கும்போதும் முதலில் காட்டுகிற தொகையிலேயே கட்டாயமாகக் கட்ட வேண்டியதெல்லாம் அடங்கியிருக்க வேண்டும், அதுவும் தமிழில். மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் ஏறுகிறவர்களில் என்னைப் போல இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம்.

போகிறவர்கள் கவனிக்க வேண்டியதும் உண்டு. எடை மிஞ்சும் என்று தெரிந்தால் டிக்கெட்டோடு சேர்த்தே முன்கூட்டிக் கட்டிவிடுங்கள், விமான நிலையத்தில் கட்டுவதைவிடக் குறைவு. பவர் பேங்க்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெட்டியில் போட்டால் கூப்பிட்டுத் திறக்கச் சொல்வார்கள். கொப்பரைத் தேங்காயில் எண்ணெய் இருப்பதால் பெட்டியில் போட விடமாட்டார்கள். பூண்டு உரிக்கிற சின்னக் கத்தி என் கைப்பையில் கிடந்தது, பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிட்டார்கள். போர்டிங் பாஸை வீட்டிலேயே எடுக்கத் தெரியாவிட்டால் பயப்பட வேண்டாம். கவுன்டரில் அதைக் கொடுப்பதற்குத் தனிக் கட்டணம் வாங்கக்கூடாது என்று 2022 ஜூலையில் மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகம் சொல்லியிருக்கிறது. 12 வயது வரையிலான பிள்ளைகளை ஒரே டிக்கெட்டில் வருகிற தாய் தகப்பனில் ஒருவர் பக்கத்திலாவது உட்கார வைக்க வேண்டும் என்று 2024இல் டிஜிசிஏ உத்தரவு போட்டிருக்கிறது. பயணத்தை நீங்களே ரத்து செய்து, பணம் திரும்பாது என்று சொல்லிவிட்டாலும் வரியும் விமான நிலையக் கட்டணமும் திரும்ப வர வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

திரும்பி வந்தது தை மாதம். மதியம் 2.30க்கு ஹைதராபாத்தில் கிளம்ப வேண்டிய விமானம் முதலில் 3.30 என்றார்கள், பிறகு 4.30, கடைசியில் 5.45க்குத்தான் கிளம்பியது. குறைந்த கட்டண விமானம் தரையில் நின்றால் நஷ்டம், அதனால் ஒரே விமானத்தை ஒரு நாளில் பல ஊருக்கு அனுப்புவார்கள், காலையில் எங்கோ ஏற்பட்ட தாமதம் ஊர் ஊராகச் சேர்ந்து சாயங்காலம் நம் தலையில் விழும் என்று மாப்பிள்ளை போனில் விளக்கினார். இரண்டரை மணி நேரத்துக்குள் போய்ச் சேருகிற விமானம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், நேரத்தோடு வந்து செக்-இன் செய்த பயணிக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்பதையும் அவர்தான் சொன்னார். போய்க் கேட்டேன். அதுவரை யாரும் வாயைத் திறக்கவில்லை. கேட்ட பிறகு கூப்பன் கொடுத்தார்கள். பக்கத்தில் கைப்பிள்ளையோடு இருந்த பெண்ணிடமும் சொன்னேன், அவளும் போய் வாங்கினாள். ஆறு மணி நேரத்தைத் தாண்டும் என்றால் வேறு விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். முன்கூட்டிச் சொல்லாமல் விமானத்தையே ரத்து செய்தால், ஒரு மணி முதல் இரண்டு மணி நேரம் பறக்கிற பயணத்துக்கு 7,500 ரூபாய், அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இரண்டில் எது குறைவோ அது இழப்பீடு. வானிலை மாதிரி நிறுவனத்தின் கையில் இல்லாத காரணம் என்றால் இழப்பீடு கிடையாது.

மதுரையில் இறங்கும்போது ஏழரை மணி. மதுரைக்காரர்களுக்கு அது மூன்று மணி நேரத் தாமதம், அவ்வளவுதான். நாங்கள் பெட்டியை எடுத்து, பெருங்குடியிலிருந்து பஸ் பிடித்து, மாறி வத்தலக்குண்டு போய்ச் சேரும்போது பத்தைத் தாண்டிவிட்டது. மலைக்கு ஏறுகிற பஸ் இல்லை. டாக்சிக்கு 3,500 கேட்டார்கள். பஸ் நிலையத்துக்கு எதிரே அறை எடுத்துத் தங்கி, விடிந்து கொடைக்கானல், அங்கிருந்து பூம்பாறை. வீட்டை அடைந்தபோது மறுநாள் மதியம். எங்கள் ஊர்க்காரர்கள் திரும்பி வருவதற்குக் காலை விமானமாகவே பாருங்கள். நூறு இருநூறு கூட இருந்தாலும் பரவாயில்லை. போகும்போது முதல் நாளே மதுரையில் போய்த் தங்கிவிடுங்கள். மழைக் காலத்தில் மலைப்பாதையில் மரம் விழுந்தால் எந்த கவுன்டரும் நமக்காகத் திறந்து காத்திருக்காது.

குறை இருந்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத வேண்டும், தீராவிட்டால் அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்திலோ 1915 என்ற நுகர்வோர் எண்ணிலோ சொல்லலாம் என்கிறார்கள். அந்த எடை விஷயமாக நான் நிறுவனத்துக்கு எழுதிவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை. தங்கள் நாளிதழ் இந்த விதிகளை எல்லாம் ஒரு பக்கத்தில் தமிழில் போட்டால், வெட்டி எடுத்து எங்கள் அங்கன்வாடிச் சுவரில் ஒட்டிவைப்பேன். பிள்ளைகள் வெளியூரில் இருக்கிற வீடுகள் இப்போது எங்கள் ஊரிலும் பெருகிவிட்டன.

ஐப்பசியில் பேத்திக்கு முதல் பிறந்தநாள். மறுபடியும் போகிறோம். பூண்டை இந்தத் தடவை கொடைக்கானல் தபால் நிலையத்தில் பார்சல் போட்டு முன்னாடியே அனுப்பிவிடுவதாக இருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
பூம்பாறை, கொடைக்கானல் வட்டம்.