மத்திக்குஞ்சுகளை யார் காப்பது?

ஆசிரியருக்கு,

காசிமேட்டில் மத்தி வரத்துக் குறைந்து விலை ஏறியிருப்பது பற்றிய செய்தியைப் படித்தேன். கடல் வெப்பத்தை மட்டும் காரணம் காட்டுவது பாதி உண்மையே. மத்தி ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளே வாழும் மீன். மிதவை நுண்ணுயிர்களைத் தின்று வேகமாக வளர்ந்து, ஓராண்டுக்குள், சுமார் 15 செ.மீ. நீளத்தில், முட்டையிடும் பருவத்தை எட்டிவிடும். அதற்கு முன்பே சிறுகண்ணி வலையில் கூட்டத்தோடு வாரிவிட்டால் அடுத்த ஆண்டு எதைப் பிடிப்பது? அதிகாலை ஏலத்தில் விரல் நீளக் குஞ்சுகள் குவிந்து கிடப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவை போவது நம் வீட்டுக் குழம்புக்கு அல்ல, கோழித்தீவனத்துக்கு.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் விசைப்படகுகளைக் கரையில் நிறுத்துகிறது; ஜூன் பாதிக்குப் பின் குஞ்சுகளுக்கு அதனால் பாதுகாப்பு இல்லை. கேரளத்தில் பிடிக்க அனுமதியுள்ள மத்தியின் குறைந்தபட்ச நீளம் 10 செ.மீ. (அதுவே குறைவுதான்). இங்கும் ஏலக்கூடத்திலேயே மீனை அளந்து பார்க்க மீன்வளத்துறை ஏற்பாடு செய்ய வேண்டும். அபராதத்தை வலை வீசியவர் மீது மட்டும் சுமத்தாமல், குஞ்சுகளை மொத்தமாக வாங்கும் தீவன வியாபாரிகளுக்கும் விதிக்க வேண்டும்.

- ஒரு வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை