ஆடு கடித்த முந்திரிகை

உடுவில்,
தை மாதம், சனிக்கிழமை.

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். போன் இருக்கக் கடிதம் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. போனில் நீ "சரி அம்மா, சரி அம்மா" என்று சொல்லிக்கொண்டே இருப்பாய், எனக்கும் சொல்ல வந்தது பாதியில் மறந்துபோகும். எழுதி முடித்ததும் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். எழுத்துச் சரிந்து கிடந்தால் குறை நினைக்காதே. கண் ஒப்பரேசன் செய்த பிறகும் எனக்கு வரி நேரே வருவதில்லை.

போன ஞாயிறு நீ சொன்னதைத்தான் இந்தக் கிழமை முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிறேன். பதினொரு வருஷம் வேலை செய்த இடத்தில் ஒரே ஒரு ஈமெயிலில் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக் கடன் இருக்கிறது. பிள்ளைகளுக்கு இன்னும் சொல்லவில்லை. "ஜெபம் பண்ணு ராசா" என்று நான் வாய் திறந்ததும், "ஐப்பசியிலையிருந்து கோயிலுக்கே போகேல்லை அம்மா" என்றாய். பிறகு இரண்டு பேரும் ஒன்றும் கதைக்கவில்லை. நீ மூக்கை உறிஞ்சியது கேட்டது. தடிமன் என்றாய்.

நான் ஏசவில்லையே என்று உனக்குப் புதினமாக இருந்திருக்கும். நானும் ஒரு காலத்தில் எட்டு மாதம் கோயில் வாசலை மிதிக்காமல் இருந்தவள்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

போன மார்கழியில் நயாகராப் பக்கம் போய்வந்து ஒரு படம் அனுப்பினாய், நினைவிருக்கிறதா? பனிக்குள் வரிசை வரிசையாகக் கறுத்த தடிகள். நான் வேலிக் கதியால் என்று நினைத்தேன். முந்திரிகைத் தோட்டம், அதுதான் திராட்சைத் தோட்டம், என்று நீ சொன்ன பிறகுதான் கண்ணாடியைப் போட்டு வடிவாகப் பார்த்தேன். அங்கே குளிர் வந்தால் கொடி தானாகவே இலையைக் கொட்டிவிட்டு உறங்கிவிடும். எங்களுக்கு அந்தக் குளிர் இல்லை. விட்டால் கொடி வருஷம் முழுக்க இலையும் தளிருமாகப் பந்தலை மூடிக்கொண்டு நிற்கும், காய்தான் இராது. அதனால் இங்கே பனிகாலத்தின் வேலையைக் கத்தி செய்கிறது. மழை விட்டதும் கவ்வாத்துப் பண்ணி இலையெல்லாம் உருவிவிட்டால் பந்தல் எலும்புக்கூடு மாதிரி நிற்கும். மூன்றரை, நாலு மாதத்தில் குலை பழுக்கும்.

சின்ன வயதில் எனக்கு ஒரு விஷயம் விளங்கியதே இல்லை. வேதத்தில் வருகிற திராட்சச்செடி எங்கேயோ கானான் தேசத்தில் இருக்கிற அபூர்வமான செடி என்று நினைத்திருந்தேன். எங்கள் கிணற்றடிப் பந்தலில் படர்ந்த முந்திரிகைதான் அது என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை. இந்தியாவில் போய் முந்திரிகை என்று கேட்டால் மரமுந்திரிகைப் பருப்பைக் கொண்டுவந்து தருவார்களாம், அது வேறு கதை. யோவான் பதினைந்தாம் அதிகாரத்தில், கனி கொடுக்கிற கொடியைப் பிதா "சுத்தம்பண்ணுகிறார்" என்று இருக்கிறது. நான் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறார் என்றுதான் நினைத்தேன். கலியாணம் முடித்து இந்த வளவுக்கு வந்து, அப்பா கத்தியோடு பந்தலுக்குக் கீழே நின்றதைப் பார்த்த அன்றுதான் அந்தச் சொல்லுக்கு வெட்டுகிறது என்று அர்த்தம் பிடிபட்டது.

பிரசங்கத்தில் இதை எல்லோரும் சொல்வார்கள். வெட்டினார், பிறகு காய்த்தது, ஆமென். கேட்க நல்லாகத்தான் இருக்கும். தோட்டம் செய்கிறவளுக்கு அது போதாது.

உன் தங்கச்சி 1993இல் காய்ச்சலில் போனது உனக்குக் கனவு மாதிரி நினைவிருக்கும், உனக்கு ஆறு வயது. அவளுக்கு இரண்டு நிறையவில்லை. மருந்துகூடக் கிடைக்காத காலம், ஜாம் போத்தல் விளக்கில் இருந்த காலம். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்த ஒரு போதகர், "கர்த்தர் தம்முடைய தோட்டத்துக் கொடியைச் சுத்தம்பண்ணினார், அம்மா" என்றார். நான் எழுந்து குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் அந்த எட்டு மாதம். அப்பா உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு தனியாகக் கோயிலுக்குப் போய்வருவார். வா என்று ஒருநாளும் என்னைக் கூப்பிடவில்லை. வந்து சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு துலாவில் தண்ணீர் இறைப்பார். மண்ணெண்ணெய் இல்லாமல் மெசின் மூலையில் கிடந்தது. அவர் இறைக்க, நான் வாய்க்காலில் மடை திருப்பிவிட்டுக்கொண்டு நிற்பேன். யூரியாவும் கிடையாது. வேலிப் பூவரசில் குழை வெட்டிக் கொடியைச் சுற்றித் தாட்டோம். ஜெபம் என்று அந்த நாளில் என்னிடம் இருந்தது அவ்வளவுதான்.

(2021இல் இரசாயன உரத்தை இறக்கவிடாமல் நிறுத்தினபோது ஊரில் இளம் பெடியள் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். நான் போய்ப் பூவரசங்குழையைக் காட்டினேன். "ஆச்சி, அது உங்கட ஒரு கொடிக்குச் சரி, எங்கட நாலு பரப்புக்குக் காணாது" என்றான் ஒருவன். அதுவும் சரிதான்.)

பிறகு 1995 ஒக்டோபர் 30, சண்டையில் யாழ்ப்பாணச் சனம் முழுக்க ஊரைவிட்டு வெளிக்கிட்ட நாள். அதை நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த இரவு மழையில், நாவற்குழிப் பாலத்தில் சனத்துக்கு நடுவே என் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நீயும் நின்றாய். ஆறு மாதம் கொடிகாமத்தில் ஒரு வீட்டு விறாந்தையில் இருந்தோம். திரும்பி வந்தபோது ஓடு இல்லை, கதவு இல்லை, பந்தல் தூணும் இல்லை, கம்பியும் இல்லை. இரண்டு கொடியில் ஒன்று செத்துப்போயிருந்தது. மற்றது நிலத்தில் விழுந்து, புல்லுக்குள் பாம்பு மாதிரி ஓடி, கட்டாக்காலி ஆடுகள் கடித்துக் கடித்து நுனியெல்லாம் நார்நாராகக் கிடந்தது.

அப்பா முதல் வேலையாக அதற்குப் பக்கத்தில் போய்க் குந்தினார். வீட்டைப் பார்க்கவில்லையே என்று எனக்குக் கோபம். அவர் கத்தியை எடுத்து ஆடு கடித்த நாரையெல்லாம் சீவி, நல்ல கட்டை தெரியும்வரை பின்னுக்குப் பின்னுக்கு வெட்டிக்கொண்டு வந்தார். நீ ஓடிப்போய், "கொல்லாதீங்கோ அப்பா, ஆடு கடிச்சது காணாதோ" என்று கத்தினாய். அவர் உன் கையைப் பிடித்து வெட்டின நுனிக்குக் கீழே வைத்தார். தண்ணீர் சொட்டுச் சொட்டாக உன் உள்ளங்கையில் விழுந்தது. "வேர் செத்திருந்தால் இது வராது" என்றார். பிறகு உன்னைக் கொண்டே கொடியில் தளிர் வருகிற கண்களை எண்ணவைத்தார். ஒவ்வொரு கிளையிலும் இத்தனை கண் விட்டுத்தான் வெட்ட வேண்டும் என்று கணக்குச் சொல்லித்தந்தார். நீ சிலேட்டில் எழுதிவைத்தாய்.

அன்றைக்கு அவரைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்குள் ஒரு முடிச்சு அவிழ்ந்தது. ஆடு கடித்ததும் அப்பா வெட்டினதும் ஒன்றல்லவே. கொடிக்கு இரண்டும் ஒரேமாதிரித்தான் நொந்திருக்கும். ஆனால் ஆட்டை அவிழ்த்துவிட்டது அவர் இல்லை. அவர் பிறகு வந்தவர், கடிபட்டதைத் தொட்டுப் பார்த்து எங்கே உயிர் நிற்கிறது என்று தேடினவர். என் பிள்ளையைக் கர்த்தர் வெட்டினார் என்று நான் இன்றைக்கும் நம்பவில்லை. அதைச் சொன்ன போதகரையும் மன்னித்துவிட்டேன், அவருக்கும் அப்போது சின்ன வயது. உன் வேலையையும் கர்த்தர் பறித்தார் என்று நான் சொல்லமாட்டேன். கணக்குப் பார்க்கிற யாரோ ஒருவர் ஒரு பட்டியலில் உன் பெயருக்குக் குறுக்கே கோடு கிழித்தார், அவ்வளவுதான். அதற்குப் பெயர் ஆடு.

கோபம் இருந்தால் கர்த்தரிடமே கோபி. கோயிலுக்குப் போகாமல் வீட்டில் இருந்தும் கோபிக்கலாம், நான் செய்து பார்த்திருக்கிறேன். குழை தாட்ட நேரத்தில் எல்லாம் அவரைத் திட்டிக்கொண்டுதான் தாட்டேன்.

லூக்காவில் ஓர் அத்திமரம் வருகிறது. சொந்தக்காரர் மூன்று வருஷமாக வந்து பார்க்கிறார், பழம் இல்லை. வெட்டிப்போடு, நிலத்தை ஏன் கெடுக்கிறது என்கிறார். தோட்டக்காரன் மறிக்கிறான். இந்த வருஷமும் இருக்கட்டும் ஐயா, சுற்றிக் கொத்தி எருப்போட்டுப் பார்க்கிறேன் என்கிறான். வேதத்தில் எரு வருகிற இடம் எனக்கு மிகவும் பிடிக்கும், நாற்றம் தெரிந்தவன் சொன்ன கதை அது. அடுத்த வருஷம் மரம் காய்த்ததா என்று இயேசு சொல்லவே இல்லை. முன்பு அது எனக்குக் குறையாகப் பட்டது. இப்போது அந்த இடத்தில் நின்றுகொண்டுதான் உனக்காக ஜெபிக்கிறேன். ஆண்டவரே, அவனுக்குப் பெரிய வேலை கொடும் என்று கேட்கவில்லை. இந்த வருஷம் மட்டும், சுற்றிக் கொத்தி விடும் என்று கேட்கிறேன்.

கொத்துகிறது என்றால் என்ன என்று நீ கேட்பாய். முதலில் பிள்ளைகளுக்குச் சொல்லு. அவர்களுக்கு எப்படியும் தெரிந்திருக்கும், உனக்கும் அப்படித்தானே எல்லாம் தெரிந்திருந்தது. மனைவியிடம் கணக்குப் புத்தகத்தைக் கொடு, உன்னைவிட அவளுக்குக் கணக்கு ஓடும். எனக்கு மாதாமாதம் அனுப்புகிற காசை நிறுத்து. கூச்சப்படாதே, அப்பாவின் பென்சன் வருகிறது, கதலிக் குலை விற்றாலும் என் மருந்துக்குக் காணும். கோயிலில் பழைய நண்பர்கள் போன் எடுத்தால் எடுத்துக் கதை. ஒன்றும் இல்லாவிட்டாலும் விடிய எழும்பி முகத்தைச் சவரம் செய். அப்பா கொடிகாமத்து விறாந்தையிலும் ஒருநாள் தவறாமல் சவரம் செய்தார், கண்ணாடிக்குப் பதில் வாளித் தண்ணீரைப் பார்த்து.

அந்தக் கொடி அடுத்த வருஷம் காய்த்தது என்று உனக்குத் தெரியும். சரியான புளி. அப்பா மட்டும் இனிப்பு என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டார். முன்பிருந்த காய்ப்பு வர மூன்று வருஷம் எடுத்தது. செத்த மற்றக் கொடி செத்ததுதான், அந்த இடத்தில் இப்போது கறிவேப்பிலை நிற்கிறது.

அப்பா போன பிறகு கூலிக்கு ஆள் பிடித்துத்தான் வெட்டுவித்தேன். போன முறை வந்தவன் அவசரக்காரன், மேலோட்டமாகச் சீவிவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போய்விட்டான். இலைதான் வந்தது. இந்த முறை பக்கத்து வீட்டுத் தம்பி வெட்டித் தருகிறேன் என்கிறான். கை நல்ல கை, ஆனால் அவன் முந்திரிகையைத் தொட்டதில்லை. அப்பாவின் கத்தியைத் தீட்டி எண்ணெய் பூசிவைத்திருக்கிறேன். வருகிற சனி மழை இல்லாவிட்டால் தொடங்குவோம். நான் போனை நீட்டிப் பிடித்துக் காட்டுகிறேன், உங்களுக்கு வெள்ளி இரவாக இருக்கும், கொஞ்சம் நித்திரை முழித்திரு. ஒரு கிளைக்கு எத்தனை கண் விட்டு வெட்டச் சொன்னவர் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு வருகுதில்லை. அந்தச் சிலேட்டும் எங்கேயோ போய்விட்டது. நீதான் தம்பிக்குச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அம்மா