அண்ணே, கிதார் இங்கேயே இருக்கட்டும்

அண்ணே,

நேற்று அப்பாவின் நாலாம் வருஷத் திதி. இலை எடுத்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தபோதுதான் உன் வாட்ஸ்அப்பைப் பார்த்தேன். டிசம்பரில் உன் கூட்டாளி பினாங்குக்கு வருகிறாராம், அவரிடம் கிதாரைக் கொடுத்தனுப்பு என்று எழுதியிருந்தாய். திதி நல்லபடி முடிந்ததா என்று அதற்கு அடுத்த வரியில் கேட்டிருந்தாய். அடுத்த வரியில்தான்.

கொடுத்தனுப்பப் போவதில்லை.

இதை உனக்குத் தனியாகவே எழுதியிருக்கலாம். மூன்று தடவை எழுதி அழித்தேன். தனியாக எழுதினால் நான் சண்டைக்கு வருவேன், நீ நீல டிக்கோடு நின்றுவிடுவாய். நாலு பேர் படிக்கிற இடம் என்றால் என் வாய்க்கு ஒரு கட்டு இருக்கும். அதனால் நீ எதற்காகப் போனாய், போகிற அன்றைக்கு வாசலில் என்ன பேசினாய் என்பதெல்லாம் இங்கே வராது. சித்தி இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டுவார்.

முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொள்கிறேன். போன வருஷம் நீ கேட்டபோது “நல்லா இருக்கு” என்றேன். நல்லா இல்லை. அப்பா போன பிறகு நான் அதைப் பெட்டியில் வைக்கவில்லை. ஹாலில், ஜன்னல் பக்கத்துச் சுவரில் மாட்டிவைத்தேன். காற்றில் ஈரம் 45லிருந்து 55 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும், பட்டர்வொர்த்தில் 80ஐத் தாண்டும், மாதம் ஒரு தடவை சிலிக்கா ஜெல் பாக்கெட்டை மாற்று என்று நீ எழுதி ஒட்டிய தாள் இன்னும் பெட்டி மூடிக்குள் இருக்கிறது. படித்தேன். மாற்றவில்லை. பெட்டியை மூடினால் வீட்டில் இன்னொருவரும் இல்லாமல் போன மாதிரி இருந்தது, அவ்வளவுதான் காரணம். அடைமழை மாதங்களில் பலகை ஊதி, கம்பிகள் விரலுக்கு எட்டாத உயரத்துக்குப் போயின. ஒரு நாள் பார்த்தால், கம்பிகளைப் பிடித்திருக்கிற பிரிட்ஜின் பின்பக்கம் கடுதாசி நுழைகிற அளவு பெயர்ந்து நின்றது.

புது ஃபெர்ரியில் அதை மடியில் வைத்துக்கொண்டு ஜார்ஜ்டவுனுக்குப் போனேன். முதலில் காட்டிய கடையில் மேலாகப் பசையைத் தடவி நூறு ரிங்கிட் வாங்கிக்கொண்டார்கள், ஆறு வாரத்தில் மறுபடி பெயர்ந்தது. இரண்டாவதாக ஒரு பெரியவரிடம் போனேன். பிரிட்ஜை முழுசாகக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டியெடுத்து, ஒட்டி, ஒரு நாள் முழுக்க இறுக்கிவைத்துத் தந்தார். பிரிட்ஜின் மேல் கம்பிகள் படிகிற சேடலையும் எலும்பில் செய்து போட்டார். இப்போது பிடிப்பு சரியாக இருக்கிறது. மன்னித்துக்கொள். ஆனால் ஒன்று. நீயே இங்கே இருந்திருந்தால் அந்தத் தாளை எழுதி ஒட்ட வேண்டிய தேவையே இருந்திருக்காது.

நீ அதைக் கோலாலம்பூரிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்த ராத்திரியை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். வெளியே மழை. அப்பா அதை வாங்கி, பலகை ஆலையில் நாற்பது வருஷம் தட்டின அதே விரல் கணுவால் மேலே ஒரு தட்டு, பின்னால் ஒரு தட்டு தட்டினார்.

“மேல் பலகையும் அதே மரமா?”

“ஆமாப்பா. மேல, பின்னால, பக்கம் எல்லாம் மஹோகனி. வழக்கமா மேல ஸ்ப்ரூஸ் மரம் போடுவாங்க.”

அப்பா எழுந்து அடுப்படிக்குப் போனார். மைலோ டின்னை எடுத்துக்கொண்டு வந்தார். இனிப்பு நீருக்கு என்று பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கி, தினம் ஒன்று உடைத்து மென்று முகம் சுளிப்பாரே, துஞ்சோக் லாங்கிட் விதை, அந்த டின். சிறகோடு ஒரு விதையை எடுத்துக் கிதாரின் நெஞ்சில் வைத்தார். சிறகும் பலகையும் ஒரே நிறம். கொஞ்சம் தள்ளிவைத்துப் பார்த்தால் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. “அப்ப நான் தின்னுற கசப்பும் இந்த மரம்தான்” என்றார். காய் கிளையில் வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும் என்றார். அந்த விதை அவருக்கு என்ன செய்தது என்று தெரியாது. கால் விரல் போனது போனதுதான்.

பிறகு நீ வாசித்தாய். அப்பா கிதாரின் பின்பலகையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். உனக்கு இடைஞ்சல் என்று உன் முகத்தில் தெரிந்தது, நீ ஒன்றும் சொல்லவில்லை. “ஏன் சீக்கிரம் அடங்கிப்போவுது?” என்று கேட்டார். நீ விளக்கினாய். ஸ்ப்ரூஸ் என்றால் ஒரு சுரத்தோடு அதன் மேல்சுரங்களும் கிளம்பி மினுங்கிக்கொண்டே நிற்கும், இது அடிச்சுரத்தை அழுத்திச் சொல்லிவிட்டு விலகிக்கொள்ளும். ஓங்கி அடித்தால் ஓரளவுக்கு மேல் சத்தம் ஏறாது, குரல் தடித்துக்கொள்ளும். 1922லேயே மார்ட்டின் கிதார் கம்பெனி 2-17 என்று ஒரு மாடலை முழு மஹோகனியில், இரும்புக் கம்பிக்காகவே செய்தது, விலை குறைந்த வரிசை என்றெல்லாம் சொன்னாய். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்ப இதை வச்சிக்கிட்டுப் பாடலாம்” என்றார். கையை எடுக்கவில்லை.

அவர் சொன்னதைத்தான் நான் செய்கிறேன். இருப்பதிலேயே தடித்த கம்பியை E சுரத்திலிருந்து D சுரத்துக்கு இறக்கிவிட்டு, பெருவிரலால் அதைச் சுருதியாகப் பிடித்துக்கொண்டு சாயங்காலம் அம்மாவுக்குத் தேவாரம் பாடுகிறேன். தம்புராவின் ரீங்காரம் இதில் வராது. உலர்ந்த, நடுக்குரலான ஒரு ஒலி, உரலில் உலக்கை மெதுவாக இறங்குகிற மாதிரி. என் குரலுக்குக் கீழேயே இருக்கிறது, மேலே ஏறிப் பேசுவதில்லை. வாசிக்க வாசிக்கத் திறக்கும் என்பாயே, திறந்திருக்கிறது. மரம் பழகியதா என் விரல் பழகியதா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கொடுத்தனுப்பச் சட்டம் இடம் தராது என்று சாக்குச் சொல்ல மாட்டேன். 2017இல் நீ போகும்போது சொன்ன காரணம் அது. விரல்பலகை ரோஸ்வுட், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் ஒப்பந்தத்தில் புதுசாகச் சேர்த்திருக்கிறார்கள், ஏர்போர்ட்டில் பிடுங்கிக்கொள்வார்கள் என்றாய். நான் நம்பினேன். செய்துமுடித்த வாத்தியங்களுக்கு அந்தக் கட்டுப்பாட்டை 2019 நவம்பரில் எடுத்துவிட்டார்கள். 2003லிருந்து இருக்கிற மஹோகனிக் கட்டுப்பாடும் கட்டைக்கும் பலகைக்கும்தான். இதெல்லாம் என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். அந்த நவம்பரிலேயே வந்திருந்தால் கிதாரையும் எடுத்திருப்பாய், அப்பாவையும் நடமாட்டத்தோடு பார்த்திருப்பாய். 2021இல் உன்னால் வந்திருக்க முடியாது, இரண்டு பக்கமும் எல்லை மூடியிருந்தது. தெரியும். நீ வீடியோ காலில் அழுததை நான்தான் அப்பாவின் காதுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன். தெரிந்தும் கோபம் வருகிறது, என்ன செய்யட்டும்.

இன்றைக்குக் காலையில் துணியால் துடைக்கும்போது ஒன்று பார்த்தேன். மங்கல் பாலிஷ், மரத்தின் துளையெல்லாம் விரலுக்குத் தட்டுப்படும். மேல் ஓரத்தில், உன் கை வருஷக்கணக்கில் உரசிய இடம் மட்டும் கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும், உனக்கே தெரியும். அதற்கு இரண்டு விரல் கீழே இன்னொரு பளபளப்பு வர ஆரம்பித்திருக்கிறது. சின்னது, வெளிச்சத்தில் சாய்த்தால்தான் தெரிகிறது. அது என் கை.

உன் கூட்டாளிக்கு நானே விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உனக்கு வாசிக்க வேண்டும் என்றால் வந்து வாசி. உன் அறையில் இப்போது அம்மா படுக்கிறார், ஹாலில் மெத்தை போட்டுத் தருகிறேன். வரும்போது பாஸ்பர் வெண்கலக் கம்பி, லைட் என்கிற மெல்லிசு, இரண்டு செட் வாங்கி வா. இங்கே ஜன்னல் பக்கம் ஒரு மாதத்தில் துருவேறிவிடுகிறது.

தங்கச்சி