பிரேமனின் சுதைக் கொத்தனார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போருக்குப் பிறகு மேற்கு ஜெர்மனி மீண்டெழுந்தது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். முதல் சான்சலர் அடேனவர், அவருடைய பொருளாதார அமைச்சர் எர்ஹார்ட் இருவரோடு அது நின்றுவிட்டது. மாநிலங்களில் இருந்து உழைத்தவர்கள் ஒருவர்கூட அதில் இல்லை. வடக்கே உள்ள துறைமுக நகரமான பிரேமனில் மேயராக இருந்த வில்ஹெல்ம் கைசனையாவது சேர்த்திருக்கலாமே என்ற ஆதங்கத்தில் எழுதுகிறேன்.

கைசன் 1887-ல் ஹாம்பர்க்கில், தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். அவர் கற்ற தொழில் சுதை வேலை. சுவரிலும் உட்கூரையிலும் சாந்தைக் குழைத்துப் பூ வேலைப்பாடு செய்வது. 1905-ல் தொழிலாளர் கட்சியான சோஷல் டெமாக்ரடிக் கட்சியில் சேர்ந்தார். பெர்லினில் கட்சி நடத்திய பள்ளிக்குப் படிக்கப் போனார். சோஷலிசப் புரட்சியாளர் ரோசா லக்சம்பர்க் பாடம் நடத்திய பள்ளி அது. அங்கே கூடப் படித்த ஹெலெனேயைப் பிறகு மணந்தார். ஹெலெனேயின் ஊர் பிரேமன். அப்புறம் அதுவே இவருக்கும் ஊராகிவிட்டது. 1928-ல் பிரேமன் அரசில் மக்கள் நலத்துறை இவரிடம் வந்தது.

1933-ல் நாஜிகள் பதவியைப் பறித்தார்கள். நகரத்தை ஒட்டிய போர்க்ஃபெல்டில் கொஞ்சம் நிலம் வாங்கி, போர் முடியும்வரை குடும்பத்தோடு விவசாயம் பார்த்தார். இந்த 12 வருடத்தைப் பலர் ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு இதுதான் முக்கியம். 1945-ல் அமெரிக்க அதிகாரிகள் தேடி வந்தபோது அவர் வயலில் நின்றுகொண்டிருந்தார். அந்த ஆகஸ்டிலேயே மேயர் ஆனார். பிரேமனில் மேயர்தான் மாநிலத் தலைவரும். 1965 வரை அந்தப் பொறுப்பில் இருந்தும் போர்க்ஃபெல்டு வீட்டை விடவில்லை.

பிரேமன் இன்று தனி மாநிலமாக இருப்பதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. போரில் வென்ற நாடுகள் ஜெர்மனியைப் பங்கிட்டு ஆண்டபோது, பிரேமனைச் சுற்றிலும் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி. துறைமுகம் வேண்டும் என்பதால் அமெரிக்கர்கள் இந்த ஊரைத் தங்களிடம் வைத்திருந்தார்கள். பக்கத்து மாநிலத்தோடு இதைச் சேர்த்துவிடும் பேச்சும் இருந்தது. கைசன் விடாமல் வாதாடினார். 1947-ல் பிரேமன் தனி மாநிலம் ஆனது, கடலோரத் துறைமுக நகரமான பிரேமர்ஹாஃபனும் அதில் சேர்ந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1959 தேர்தலில் அவருடைய கட்சிக்குப் பாதிக்கு மேல் வாக்கு விழுந்தது. தனியாகவே ஆண்டிருக்கலாம். ஆனாலும் வணிகர்கள் பக்கம் நின்ற எஃப்டிபி என்ற தாராளவாதக் கட்சியைக் கூட்டு சேர்த்துக்கொண்டார். இடிந்து கிடந்த துறைமுக ஊரைத் தொழிலாளியும் வணிகரும் சேர்ந்துதான் நிமிர்த்த முடியும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். எத்தனை பேருக்கு இந்த மனசு வரும்?

கட்சித் தலைமைக்குத் தலையாட்டியவரும் இல்லை. ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பான ஐரோப்பிய கவுன்சிலில் மேற்கு ஜெர்மனி சேர்வதைக் கட்சித் தலைவர் ஷூமாகர் எதிர்த்தபோது, சேர வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார். அதற்கு விலையாக 1950-ல் கட்சிச் செயற்குழுவில் இருந்த இடத்தை இழந்தார்.

1979-ல் இறந்தபோது அவருக்கு வயது 92. பிரேமனில் வேஸர் ஆற்றுப் பாலம் ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கட்டுரையின் அடுத்த பகுதி வருவதாக இருந்தால், பிரேமனுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர், திருச்சி