கடைசி நாற்காலிக்காரரைத் திட்டாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சூதாட்டக்கூடம் என்றாலே நம் சிங்கப்பூர்ப் பத்திரிகைகளில் கடனும் குடும்பச் சண்டையும்தான் பேசப்படுகின்றன. பேசப்பட வேண்டியவைதான். ஆனால் எப்போதாவது போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிற என்னைப் போன்றவர்களுக்கு அந்த மேசையிலேயே நடக்கும் ஒரு தொல்லையைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. பிளாக்ஜாக் (21ஐத் தாண்டாமல், கூடத்தின் சார்பில் சீட்டுப் போடும் டீலரைவிட அதிகம் சேர்க்க வேண்டிய சீட்டாட்டம்) ஆடும்போது பக்கத்தில் இருப்பவர்கள், நாம் கேட்காமலே, சீட்டு ‘எடு’, ‘எடுக்காதே’, ‘டபுள் போடு’ (பந்தயத்தை இரட்டிப்பாக்கு) என்று நம் காசுக்கு முடிவு சொல்கிறார்களே, அதைத்தான் சொல்கிறேன். பெண் தனியாக உட்கார்ந்திருந்தால் இது இரண்டு பங்கு.

போக்கர் மேசையில் இப்படி நடக்காது. ஒரு கைக்கு, அதாவது ஒருவருக்கு வந்த சீட்டுகளுக்கு, ஒருவர்தான் முடிவெடுக்க வேண்டும் என்பது அங்கே எழுதி வைத்த விதி. பிளாக்ஜாக்கில் எல்லோருடைய சீட்டும் திறந்தே கிடக்கிறது, எல்லோரும் டீலர் 21ஐத் தாண்ட வேண்டும் என்று ஒன்றாக வேண்டிக்கொள்கிறார்கள். அதனால் மேசையில் இருப்பவர்கள் எல்லாம் ஒரே அணி என்ற நினைப்பு வந்துவிடுகிறது. உண்மையில் ஒவ்வொருவர் கணக்கும் தனி. டீலருக்கும் சொந்த யோசனை கிடையாது. 16 வரை எடுத்தே ஆக வேண்டும், 17 வந்தால் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான்.

அதிகம் திட்டு வாங்குபவர் கடைசி நாற்காலியில் இருப்பவர். அவருக்கு அடுத்துச் சீட்டு எடுப்பது டீலர் என்பதால், ‘டீலருக்குப் போக வேண்டிய சீட்டை நீ எடுத்துவிட்டாய்’ என்று பழி முழுக்க அவர் தலையில் விழும். நான் பார்த்த ஒரு தம்பி, இருபத்தைந்து வயதுகூட இருக்காது, முதல் தடவை வந்தவர் என்று பார்த்தாலே தெரியும். அவர் கையில் 12, டீலரிடம் 6. தம்பி ஒரு சீட்டு எடுத்தார், 10 வந்து 22 ஆகிப் போய்விட்டது. டீலர் அடுத்தடுத்து எடுத்து 21 சேர்த்துவிட்டார். இரண்டு நாற்காலி தள்ளி இருந்த ஓர் அங்கிள் மேசையைத் தட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி திட்டினார். தம்பி முகம் செத்துப்போய்விட்டது. அடுத்த ஆட்டத்தில் அதே அங்கிள் ‘டபுள் போடு’ என்றதும், மறுபேச்சில்லாமல் மிச்சமிருந்த சிப்ஸை (காசுக்குப் பதில் வைக்கும் வில்லைகளை) எல்லாம் தள்ளி வைத்தார். அதுவும் போயிற்று. எழுந்து போகும்போது அவர்தான் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்த அங்கிள் சொன்ன கணக்கு சரிதானா என்று பார்ப்போம். டீலரின் சீட்டுப் பெட்டியில் அடுத்து வரப்போகும் மூன்று சீட்டு 10, 10, 5 என்று வையுங்கள். தம்பி எடுக்காமல் இருந்தால் டீலருக்கு 6, 10, 10 என்று 26 ஆகி, மேசையில் ஆடும் எல்லோருக்கும் காசு. தம்பி எடுத்ததால் 6, 10, 5 என்று 21. உண்மைதான். ஆனால் அதே மூன்று சீட்டு 5, 10, 10 என்ற வரிசையில் இருந்திருக்கவும் அதே அளவு வாய்ப்பு உண்டு. அப்போது தம்பி எடுக்காவிட்டால் டீலருக்கு 21. எடுத்திருந்தால் தம்பிக்கு 17, டீலர் 26 ஆகிப் போயிருப்பார். வரிசை யாருக்கும் தெரியாத வரையில் கடைசி நாற்காலிக்காரர் மேசைக்குச் செய்யும் நன்மையும் கெடுதலும் சராசரியில் சமம். நன்மை நடந்த அன்று யாரும் அவருக்கு நன்றி சொல்வதில்லை, கெட்டது மட்டும்தான் நினைவில் நிற்கிறது. சீட்டை விடாமல் கலைத்துக்கொண்டே இருக்கும் இயந்திரம் வைத்த மேசைகளில்கூட ‘சீட்டு ஓட்டத்தைக் கெடுத்துவிட்டாய்’ என்று திட்டுகிறார்கள். இது எந்த விதத்தில் நியாயம்?

12க்கு எதிரே 6 இருக்கும்போது எடுக்காமல் இருப்பதுதான் நல்லது, அதில் சந்தேகமில்லை. எந்தக் கையை எப்படி ஆட வேண்டும் என்பதை 1956இலேயே அமெரிக்க ராணுவத்தில் இருந்த பால்ட்வின், கேன்டி, மைசெல், மெக்டர்மாட் என்ற நால்வர் அலுவலக மேசைக் கணக்குப்பொறிகளை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டு வெளியிட்டுவிட்டார்கள். 1962இல் கணிதப் பேராசிரியர் எட்வர்ட் தார்ப்பின் பிளாக்ஜாக் புத்தகம் வந்தபின் அது எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. அந்தக் கணக்குப்படி தம்பி செய்த தவறுக்கு விலை, சராசரியாக நூறு வெள்ளிப் (சிங்கப்பூர் டாலர்) பந்தயத்துக்கு ஏறக்குறைய இரண்டு வெள்ளி. அதுவும் அவருடைய சொந்தக் காசு. மேசையில் அதிகம் கூச்சல் கிளப்பும் இன்னொரு கை, நம்மிடம் 16, டீலரிடம் 10. அதில் எடுப்பதற்கும் நிறுத்துவதற்கும் உள்ள வித்தியாசம் நூறு வெள்ளிக்குச் சில காசுதான். சில காசுக்காக மனிதரை மனிதர் அவமானப்படுத்துகிறார்கள்.

இப்படிச் சத்தம் போடுபவர்களே, டீலருக்கு ஏஸ் வந்ததும் ‘இன்சூரன்ஸ் எடு, இன்சூரன்ஸ் எடு’ என்பார்கள். அடுத்து 10 மதிப்புள்ள சீட்டு வந்து டீலருக்குப் பிளாக்ஜாக் (முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் 10ம் சேர்வது) ஆகும் என்று தனியாக வைக்கும் பந்தயம் அது, வந்தால் வைத்ததற்கு இரண்டு பங்கு கிடைக்கும். 13 வகைச் சீட்டில் 10 மதிப்புள்ளவை 4 (10, ஜாக், குயின், கிங்). பத்து வெள்ளி வீதம் 13 தடவை இன்சூரன்ஸ் எடுத்தால், சராசரியில் 4 தடவை இருபது வெள்ளி வந்து 80 கிடைக்கும், 9 தடவை பத்து வெள்ளி போய் 90 இழப்போம். சீட்டுகளை எண்ணிக்கொண்டே ஆடத் தெரிந்தவர்களைத் தவிர மற்ற எவருக்கும் அது நஷ்டம்தான். கையில் பிளாக்ஜாக்கே இருந்தாலும் இதே கணக்குத்தான்.

எனக்குக் கவலை தருவது மரியாதைக் குறைவு மட்டுமல்ல. சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே போகவே 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி கட்டுகிறோம். 2019 வரை 100 ஆக இருந்தது. வீண் செலவைத் தடுக்கத்தான் அந்தக் கட்டணம். பலர் ‘இவ்வளவுதான் இன்றைக்கு’ என்று வீட்டிலேயே தொகையை முடிவு செய்துகொண்டு வருகிறார்கள். டபுள் என்பதும், ஒரே மாதிரி இரண்டு சீட்டைப் பிரித்து இரண்டு கையாக ஆடும் ஸ்பிளிட் என்பதும் மேலும் காசு வைப்பது. பக்கத்தில் இருப்பவர் கொடுக்கும் நெருக்கடியில், முகத்துக்கு அஞ்சி அந்த எல்லையைத் தாண்டுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். போன காசில் அறிவுரை சொன்னவர் பங்கு கொடுப்பதில்லை.

பின்னால் நின்றுகொண்டு நம் பந்தயக் கட்டத்தில் காசு வைப்பவர்கள் விஷயம் கொஞ்சம் வேறு. அவர்களுக்கும் பதற்றம் இருக்கும், புரிகிறது. ஆனால் முடிவு உட்கார்ந்திருப்பவருடையது என்று தெரிந்துதான் வைக்கிறார்கள். பிடிக்காவிட்டால் அடுத்த ஆட்டத்தில் வைக்காமல் இருக்கலாம்.

புதிதாகப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். எப்படி ஆடுவது என்பதை வீட்டிலேயே படித்துவிட்டுப் போங்கள். கடைசி நாற்காலியைத் தவிர்த்து நடுவில் உட்காருங்கள், பாதித் தொல்லை அதிலேயே குறையும். யாராவது சொன்னால் ஒரே ஒரு தடவை, ‘நன்றி அண்ணே, நானே பார்த்துக்கிறேன்’ என்று சிரித்த முகத்தோடு சொல்லுங்கள். மேலே நான் எழுதிய கணக்கை எல்லாம் அங்கே விளக்கப் போகாதீர்கள், காசு போன கோபத்தில் இருப்பவர் காதில் அது ஏறாது. அப்புறம் டீலரை மட்டும் பாருங்கள். சீட்டு வேண்டுமென்றால் மேசையைத் தட்டுவது, வேண்டாமென்றால் கையை அசைப்பது, இப்படி நாம் காட்டும் சைகைதான் அங்கே செல்லும். அடுத்தவர் போடும் சத்தம் செல்லாது. அதற்கும் அடங்கவில்லை என்றால் மேற்பார்வையாளரைக் கூப்பிடலாம், இல்லையா, சிப்ஸை எடுத்துக்கொண்டு எழுந்துவிடலாம்.

சூதாட்டக்கூடங்களை நடத்துபவர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஒருவர் இன்னொருவரைத் திட்டும்போது டீலர்கள் பெரும்பாலும் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அந்த வேலையில் இருந்துகொண்டு வாடிக்கையாளரிடம் வாய் திறப்பது அவர்களுக்குக் கடினம். மேற்பார்வையாளர்கள் அந்த நேரத்தில் வந்து, ‘அவரவர் கை, அவரவர் முடிவு’ என்று சொன்னால் போதும். குறைந்தபட்சப் பந்தயம் எவ்வளவு என்று மேசையில் வைக்கும் அந்தச் சிறு பலகையிலேயே இதையும் ஒரு வரியாக எழுதி வைக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈசூன், சிங்கப்பூர்