பட்டனைக் காட்டிவிட்டுக் கையை விரிக்காதீர்கள்: ஃபிரேம்வொர்க் பராமரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பக்கத்தைச் சர்வரிலேயே கட்டி அனுப்பும் சர்வர் பக்க ரெண்டரிங் எதற்கு, அப்படி வந்த பக்கத்துக்குப் பின்னால் வரும் ஜாவாஸ்கிரிப்ட் உயிர் கொடுக்கும் ஹைட்ரேஷன் எப்படி நடக்கிறது என்றெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இதைச் செய்யும் வலைத்தள ஃபிரேம்வொர்க்குகளைக் கட்டியவர்களே நீங்கள்தான். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் விண்ணப்பப் படிவத்தில் சேர்ந்த தரவில் பெயர்களை மட்டும் எடுத்து மேலிருந்து கீழே வாசித்துப் பார்த்தோம். அடையாள எண்ணோடு பெயர் ஒத்துப்போகவில்லை என்று விண்ணப்பங்கள் தொடர்ந்து திரும்பிக்கொண்டிருந்ததுதான் காரணம். 'மூர்த்தி' என்று ஒரு பெயர். 'லட்சுமி' என்று ஒன்று. அடுத்து 'சாமி', அப்புறம் 'வேல்'. எல்லாமே நல்ல பெயர்கள்தான், எந்தச் சரிபார்ப்பு விதியும் இவற்றைத் தடுக்காது. ஆனால் அந்த மூர்த்தி உண்மையில் கிருஷ்ணமூர்த்தி. சாமி என்று பதிவானவர் கந்தசாமி. பெயர்களின் தலைப்பகுதி காணாமல் போயிருந்தது.

பழைய மொபைலில், மெதுவான நெட்வொர்க்கில் அதே பக்கத்தைத் திறந்து பார்த்ததும் புரிந்துவிட்டது. சர்வர் அனுப்பிய எச்டிஎம்எல் உடனே வந்துவிடுகிறது. படிவம் கண் முன்னால் முழுதாக நிற்கிறது, பெட்டியைத் தொட்டால் கர்சர் துடிக்கிறது, எழுத்து விழுகிறது. ஜாவாஸ்கிரிப்ட் கோட் மொத்தமும் கட்டாக வரும் பண்டில் இன்னும் வழியில்தான் இருக்கிறது. அது வந்து சேர்ந்து, ஹைட்ரேஷன் முடிந்து, ஃபிரேம்வொர்க் அந்தப் பகுதியை மறுபடி வரையும் அடுத்த ரெண்டர் ஓடும்போது, காம்பொனன்ட்டின் ஸ்டேட்டில், அதாவது ஃபிரேம்வொர்க் தன் நினைவில் வைத்திருக்கும் தரவில், இருக்கும் காலி மதிப்பு அந்தப் பெட்டியின் மேல் எழுதப்படுகிறது. கர்சர் அதே இடத்தில்தான் இருக்கிறது. மொபைலில் டைப் செய்பவர் கண் கீபோர்டின் மேல் இருக்கிறது, பெட்டியின் மேல் இல்லை. 'கிருஷ்ண' அழிந்தது அவருக்குத் தெரியாது. மிச்சத்தை அடித்து முடித்து, அடுத்த பெட்டிக்குப் போய்விடுகிறார். அவர் செய்தது அத்தனையும் சரி. அவருடைய விண்ணப்பம் மட்டும் நிராகரிக்கப்படுகிறது, ஏன் என்று அவருக்கு யாராலும் சொல்ல முடியாது.

இதை நாங்கள் பயன்படுத்தும் ஃபிரேம்வொர்க்கின் களத்தில் முறைப்படி இஷ்யூவாக, அதாவது கோளாறுப் புகாராக, பதிவு செய்தோம். பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் இது ஒருவருடைய குறை மட்டும் இல்லை. கிடைத்த பதில்: ஹைட்ரேஷன் முடியும்வரை இன்புட்டை, அதாவது எழுதும் பெட்டியை, டிசேபிள் செய்து வையுங்கள். நீண்ட நாளாக யாரும் எதுவும் எழுதவில்லை என்று பிறகு ஒரு தானியங்கி பாட் வந்து அந்த இஷ்யூவை மூடிவிட்டது. மரியாதையாகவே கேட்கிறேன், இந்தப் பதிலை எழுதியவர் அதை ஒரு முறையாவது செய்து பார்த்தாரா? எத்தனை படிவங்கள், ஒவ்வொன்றிலும் எத்தனை பெட்டிகள், எத்தனை டெவலப்பர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் எழுத வேண்டும்? ஜாவாஸ்கிரிப்ட் வந்து சேரவே இல்லை என்றால் அந்தப் பெட்டி கடைசிவரை திறக்காது, அப்போது என்ன செய்வது?

வந்து சேராமல் போவதும் நடக்கிறதுதான். 2013இல் பிரிட்டன் அரசின் டிஜிட்டல் சேவைக் குழு தங்கள் தளத்தில் அளந்து பார்த்தது. வருபவர்களில் 1.1 சதவீதம் பேருக்கு ஜாவாஸ்கிரிப்ட் வேலை செய்யவில்லை. அதில் வேண்டுமென்றே அணைத்து வைத்தவர்களும் அந்த வசதியே இல்லாத பிரவுசர் வைத்திருந்தவர்களும் சேர்ந்து 0.2 சதவீதம்தான். மீதி 0.9 சதவீதம் பேரின் பிரவுசர் நல்ல பிரவுசர், ஸ்கிரிப்ட்தான் ஏதோ ஒரு காரணத்தால் ஓடவில்லை. பழைய கணக்குதான், இன்றைய எண் வேறாக இருக்கலாம். ஆனால் நெட்வொர்க் அறுந்துபோவது அந்த வருடத்தோடு நின்றுவிடவில்லை.

எங்கள் கோரிக்கை இவ்வளவுதான். ஹைட்ரேஷன் முடிவதற்கு முன்பு பயனர் அடித்த எழுத்தும் அமுக்கிய பட்டனும் தொலையக் கூடாது, அதற்காக டெவலப்பர் தனியாக எதையும் சேர்க்க வேண்டிய நிலையும் இருக்கக் கூடாது.

பட்டனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். க்ளிக் ஹேண்ட்லர், அதாவது அமுக்கியதும் ஓட வேண்டிய கோட், ஒட்டப்படாத பட்டனை அமுக்கினால் ஒன்றும் நடக்காது, அது எரிச்சல் மட்டுமே. படிவத்தின் கதை அப்படியில்லை. சப்மிட்டை ஜாவாஸ்கிரிப்டில் பிடித்து நிறுத்தி அனுப்புவதாக எழுதிய படிவம், அந்த ஜாவாஸ்கிரிப்ட் வருவதற்கு முன்பு அமுக்கப்பட்டால், பிரவுசர் தனக்குத் தெரிந்த பழைய வழியில் அனுப்பிவிடுகிறது. எப்படி அனுப்புவது என்று சொல்லும் மெதட் எதுவும் குறிப்பிடவில்லை என்றால் அது கெட் கோரிக்கை. பெட்டிகளில் உள்ளதெல்லாம் முகவரிப் பட்டையில் கேள்விக்குறிக்குப் பின்னால் வரிசையாக வந்து நிற்கிறது: பெயர், தொலைபேசி எண், லாகின் பக்கமாக இருந்தால் பாஸ்வேர்டும். பிரவுசர் ஹிஸ்டரியிலும் சர்வர் லாகிலும் அது அப்படியே பதிவாகிறது. பயனருக்குத் தெரிவது பக்கம் ஒரு முறை மினுங்கி, காலியாகத் திரும்பி வந்தது மட்டும்தான். அவர் மறுபடியும் அடிக்கிறார். இதை ஆவணத்தின் ஏதோ ஒரு மூலையில் எச்சரிக்கையாகப் போட்டால் போதும் என்று எப்படி நினைக்க முடிகிறது?

செய்ய முடியாத காரியம் என்று சொல்ல முடியாது, செய்தவர்கள் உங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். ஆங்குலர் ஃபிரேம்வொர்க்கின் 18ஆம் பதிப்பில், 2024இல், ஈவென்ட் ரீப்ளே என்ற அம்சம் முன்னோட்டமாக வந்தது. பக்கத்தோடு சேர்ந்தே வரும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் முன்கூட்டி நடந்த க்ளிக்குகளைப் பிடித்து வைத்து, ஹைட்ரேஷன் முடிந்ததும் திரும்ப ஓட்டுகிறது. 19ஆம் பதிப்பில் அது நிலையான அம்சமாகிவிட்டது. ரியாக்ட் 18, 2022 மார்ச்சில் வந்தது. பயனர் தொட்ட பகுதியை முதலில் ஹைட்ரேட் செய்யும் வழி அதிலேயே இருக்கிறது, ஆனால் ரியாக்ட் வந்து சேர்ந்த பிறகுதான் அது எதையும் கவனிக்கும், அதற்கு முந்தைய நேரம் அநாதையாகவே கிடக்கிறது. ரீமிக்ஸ், ஸ்வெல்ட்கிட் என்ற ஃபிரேம்வொர்க்குகள் படிவத்தை எச்டிஎம்எல்லின் சொந்த வழியிலேயே அனுப்ப விட்டு, ஜாவாஸ்கிரிப்ட் வந்தால் அதன் மேல் மெருகேற்றுகின்றன. குவிக் என்ற ஃபிரேம்வொர்க்கோ ஹைட்ரேஷன் என்ற படியையே தூக்கிவிடப் பார்க்கிறது. ஆக வழி தெரியும். ஒவ்வொருவரும் ஒரு துண்டைச் செய்துவிட்டு நின்றிருக்கிறீர்கள். அதிலும் க்ளிக்கைத் திரும்ப ஓட்டுவதில் காட்டிய அக்கறை, பாதியில் இருக்கும் எழுத்தைக் காப்பாற்றுவதில் இல்லை. ஹைட்ரேட் செய்யும் நேரத்தில் டாமில், அதாவது பிரவுசர் வைத்திருக்கும் பக்கத்தில், இருக்கும் மதிப்பைப் படித்து ஸ்டேட்டில் போடுங்கள் என்றுதான் கேட்கிறோம். பயனர் அடித்ததே உண்மை, சர்வர் அனுப்பிய காலி மதிப்பு உண்மை இல்லை.

சர்வர் அனுப்பிய பக்கமும் ஹைட்ரேஷனின்போது பிரவுசர் எதிர்பார்ப்பதும் பொருந்தாமல் போகும்போது நடப்பது இன்னும் மோசம். சர்வர் உலகப் பொது நேரமான யூடிசியில் ஒரு தேதியை அச்சடிக்கிறது, பிரவுசர் தன் ஊர் நேரத்தில் இன்னொன்றை எதிர்பார்க்கிறது. அந்த ஒரு எழுத்து வித்தியாசத்துக்காக, சுற்றியுள்ள பகுதி முழுவதையும் தூக்கிப் போட்டுவிட்டு பிரவுசரில் புதிதாகக் கட்டும் ஃபிரேம்வொர்க்குகள் இருக்கின்றன. அப்போது எழுத்தும் போகும், கர்சரும் போகும். டெவலப்பருக்கு, பிழைச் செய்திகள் வரும் கன்சோலில் சிவப்பில் ஒரு வரி. பயனருக்கு அதுவும் கிடையாது. பிரவுசர் எக்ஸ்டென்ஷன் ஒன்று பக்கத்தில் ஒரு ஆட்ரிபியூட்டைச் செருகியதற்கெல்லாம் கன்சோல் கத்துவதைப் பார்த்துப் பார்த்து, இந்த எச்சரிக்கைகளை யாரும் படிப்பதையே விட்டுவிட்டார்கள். நிஜமான கோளாறும் அதே குவியலில் புதைந்துபோகிறது.

பக்கத்தின் வேகத்தை அளக்கும் அளவுகோல்களைப் பற்றியும் மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பெரிய படமோ பத்தியோ 2.5 நொடிக்குள் தெரிந்தால் எல்சிபி என்ற அளவுகோல் பச்சை. 2024 மார்ச்சில் ஐஎன்பி என்ற இன்னொன்று முக்கிய அளவுகோலாக வந்தது, தொட்டதற்கு 200 மில்லிநொடிக்குள் திரை பதில் காட்டினால் அதுவும் பச்சை. ஆனால் பண்டில் இன்னும் வந்துகொண்டிருக்கும்போது ஹேண்ட்லரே இல்லாத பட்டனை அமுக்கினால்? ஓட வேண்டிய கோட் எதுவும் இல்லை, அதனால் அடுத்த ஃபிரேம் சட்டென்று வந்துவிடுகிறது, அருமையான வேகம் என்று பதிவாகிறது. செத்த பட்டனுக்கு முழு மதிப்பெண். அந்தப் பச்சை வட்டத்தைக் காட்டித்தான் ஒவ்வொரு வெளியீட்டின்போதும் மேடையில் கைதட்டல் வாங்குகிறீர்கள், எங்கள் மேலாளர்களும் அதைப் பார்த்துத்தான் சர்வர் ரெண்டரிங் போட்டாகிவிட்டது, எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்புகிறார்கள்.

காலிப் பக்கத்தை அனுப்பிவிட்டு ஜாவாஸ்கிரிப்டுக்குக் காத்திருந்த நாட்களில்கூட இந்த ஏமாற்று இல்லை. சக்கரம் சுற்றும், இன்னும் தயாராகவில்லை என்று பயனருக்குத் தெரியும். 2012இல் ட்விட்டர் பிரவுசரில் ரெண்டர் செய்வதைக் குறைத்துக்கொண்டு சர்வருக்குத் திரும்பியபோது, பக்கம் திறக்கும் நேரம் முன்பு இருந்ததில் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது என்று எழுதினார்கள். அந்தப் பாதை சரியான பாதைதான், நானும் அதன் பக்கம்தான் நிற்கிறேன். சர்வர் ரெண்டரிங் வேண்டாம் என்று சொல்வதற்காக இந்த மடல் இல்லை. ஆனால் வாசிக்கும் பக்கத்துக்குப் பொருந்திய கணக்கை, நிரப்பும் படிவத்துக்கும் அப்படியே போட்டுவிட்டீர்கள். வாசிப்பவருக்கு எழுத்து சீக்கிரம் தெரிந்தால் போதும். நிரப்புபவருக்குப் பெட்டி சீக்கிரம் தெரிந்தால் போதாது, அவர் அதில் எழுதியது நிலைக்க வேண்டும். சுவரில் கதவை வரைந்து வைத்தால் வருகிறவர் முட்டிக்கொள்ளத்தான் செய்வார்.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் பலர் சம்பளம் வாங்காமல் இரவில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும், அந்த உழைப்பின் மேல்தான் எங்கள் வேலையும் நிற்கிறது. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். அடுத்த பெரிய பதிப்பில் புதிய அம்சம் எதையும் சேர்க்காவிட்டாலும் பரவாயில்லை. ஹைட்ரேஷனுக்கு முன்பு அடித்த எழுத்தை ஸ்டேட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பே அமுக்கிய சப்மிட்டைப் பிடித்து வைத்திருந்து, நேரம் வந்ததும் ஓட்டுங்கள். அதற்கு ஒரு ஆப்ஷன் தருகிறோம், வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளட்டும் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள், புதிய ப்ராஜெக்ட்டைத் தொடங்கினால் தானாகவே அப்படித்தான் இருக்க வேண்டும். வேண்டாம் என்பவர் அணைத்துக்கொள்ளட்டும்.

பாட் மூடிய அந்த இஷ்யூவைத் திறந்து வைக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன். ஒரே ஒரு இன்புட், ஒரே ஒரு பட்டன் வைத்து, கோளாறு ஒவ்வொரு முறையும் தெரிகிற மாதிரி சின்ன மாதிரி ப்ராஜெக்ட் ஒன்றை அதில் இணைத்திருக்கிறோம். பிரவுசரின் டெவ்டூல்ஸில் நெட்வொர்க்கை மெதுவாக்கி, பக்கம் தெரிந்தவுடன் உங்கள் சொந்தப் பெயரை அதில் அடித்துப் பாருங்கள். திருத்தத்தைச் சோதித்துப் பார்க்கவும், டெஸ்ட் எழுதித் தரவும் நாங்கள் தயார்.

இப்படிக்கு,
படிவங்களைப் பராமரிக்கும் ஒரு டெவலப்பர்